நான்கு தெருவுக்கும் ஒரே குவியல்

பார்த்ததை எழுதியது என் தப்பா, அல்லது யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதியதுதான் தப்பா? இரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு பதில் சரியென்று படுகிறது. உலை வைக்கும் நேரத்துக்குள் அது தவறாகிவிடுகிறது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அதனால் குப்பை வண்டி தள்ளும் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. ஊர் வரியைத் தின்றவர்களுக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் குறையவில்லை.

ஊரின் பெயரை எழுதவில்லை. ராயபுரத்தைத் தாண்டி, கடலை ஒட்டிக்கொண்டே எண்ணூர்ப் பக்கம் போனால் வரும் சின்ன ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மீனவர் குப்பம், ஒரு பக்கம் ஆலைகள், நடுவில் நாங்கள். என் வீட்டுக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர். முன்கட்டில் கடை, பின்கட்டில் குடித்தனம். நான் மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள்.

கல்யாணமாகி வந்த அன்று இந்த ஊரில் எனக்கு முதலில் அறிமுகமானது நாற்றம். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே வடிகால் என்று ஒன்று இருந்தது. வடிவதைத்தான் யாரும் பார்த்ததில்லை. மீன் செதில், கஞ்சித் தண்ணீர், ஆலையிலிருந்து வரும் எண்ணெய்க் கழிவு, குழந்தைகளை உட்காரவைத்த அசிங்கம் எல்லாம் சேர்ந்து கறுப்புக் களியாக அதில் நிற்கும். மழை பெய்தால் அது எழுந்து வாசற்படி ஏறும். கிணற்றுக்குள்ளும் இறங்கும். மூத்தவளுக்கு இரண்டு வயதில் சீதபேதி வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கிணறு எங்கே இருக்கிறது என்பதுதான்.

ஆகையால் போர்டு புதிதாக வடிகால் வரி போடப்போகிறது என்று தெருத்தெருவாகத் தமுக்கு அடித்துச் சொன்னபோது, எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வீட்டு வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார்கள். சுதந்திரம் வந்த பிறகும் வரிக்குப் பயந்தால் எப்படி, நம்முடைய போர்டு, நம்முடைய பணம் என்று வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் புளி நிறுத்துக்கொண்டே கேட்டார். பில் கலெக்டர் வருவதற்கு முன்பே போய் முதல் ஆளாகக் கட்டிவிட்டு வந்தேன். இப்படி முந்திக்கொண்டு கட்டினால் மற்றவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் அவ்வளவு தவறாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

புரட்டாசி மாதம், மழைக்கு முன்னால் தூர் வார ஆட்கள் வந்தார்கள். இங்கே ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெருச்சாளி விஷம் தின்று செத்துக் கிடந்தது. பொட்டலம் கட்டும் சிவப்பு நூலால் அதன் பின்னங்காலில் முடிச்சுப் போட்டு, வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போய் வடிகாலில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கேயாவது புதைக்கலாமே என்று மனத்தில் வந்தது. வாயில் வரவில்லை. வடிகாலில் பெருச்சாளியைப் போட்டவர்கள் வரியைப் பற்றிப் பேசலாமா என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

தூர் வாரியவர்கள் மேலாக ஒரு சாண் களியை அள்ளித் தெருமுனையில் குவித்தார்கள். போட்ட இடத்திலேயே ஊறிக் கிடந்த அந்தப் பெருச்சாளி, வயிறு வீங்கி, காலில் சிவப்பு நூலோடு குவியலின் மேல் வந்து உட்கார்ந்தது. ஈ மொய்த்தது. மத்தியானம் ஓவர்சியர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தார். ஒரு ஆள் டேப்பைப் பிடித்து நீளம், அகலம், உயரம் சொல்ல, அவர் அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அளந்து முடித்த குவியலின் மேல் சுண்ணாம்பைத் தூவினார்கள். அது போர்டின் வழக்கம். சுண்ணாம்பு விழுந்துவிட்டால் அந்தக் குவியலுக்குக் கணக்கு முடிந்தது, இரண்டாம் தடவை யாரும் அளக்கக் கூடாது என்று அர்த்தம். சாயந்திரம் குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. வடிகாலில் பாதிக்கு மேல் களி அப்படியே இருந்தது. ஆனாலும் ஆரம்பித்திருக்கிறார்களே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு முனையில் அதே மாதிரி ஒரு குவியல். அதன் மேல் ஒரு பெருச்சாளி. எல்லாப் பெருச்சாளியும் ஒரே மாதிரிதானே என்று நடந்துவிட்டேன். பத்து அடி போனதும் கால் நின்றுவிட்டது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்த்தேன். பின்னங்காலில் எங்கள் கடையின் சிவப்பு நூல். குவியலின் ஓரம் சரிந்திருந்த இடத்தில், கறுப்புக் களிக்குள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. மேலே சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு உள்ளே இருந்தது.

குமட்டிக்கொண்டு வந்தது. அழுகல் நாற்றத்தாலா, புரிந்துவிட்டதாலா என்று தெரியவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் மூன்றாம் நம்பர் குப்பை வண்டிக்காரி எங்கள் கொல்லைப்புறச் சந்தில் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆறு வருஷமாகத் தினக்கூலியாகப் போர்டில் வேலை செய்கிறவள், நிரந்தரம் ஆகும் ஆகும் என்று காத்திருக்கிறவள். தண்ணீர் கேட்டாள். அவள் குனிந்து கையைக் குவித்தாள், நான் செம்பை உயரத் தூக்கி ஊற்றினேன். அப்போது அது எனக்கு அசிங்கமாகப் படவில்லை. சாக்கடைதான் அசிங்கமாகப் பட்டது.

நான் கேட்கக் கேட்க அவள் சிரித்தாள்.

"ஒன் வூட்டுப் பெருச்சாளிதாம்மா அது. ஒன் கடை நூலு எனக்குத் தெரியாதா? நாலு தெரு சுத்திகினு கீது. எங்களுக்காவது மத்தியானம் கஞ்சி குடிக்க வுடுவானுங்கோ, அதுக்கு அதுவும் இல்ல."

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தூர் வாரும் வேலை காண்டிராக்டருக்குக் கொடுத்தது. ஆனால் வண்டி போர்டு வண்டி, ஆள் போர்டு ஆள். பில் மட்டும் காண்டிராக்டருடையது. ஒரு தெருவில் அளந்து சுண்ணாம்பு தூவினதும், மண்வெட்டியால் அந்த மேல் மண்ணைத் தனியாகச் சீவி வண்டியின் அடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த தெருவில் கொட்டும்போது அது குவியலுக்கு அடியில் போய்விடும், மேலே புதுசாகத் தெரியும். ஈரம் காய்ந்து குவியல் இளைத்துப்போனால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊதவைக்க வேண்டும். இதை அவள் சமையல் பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஓவர்சியருக்குத் தெரியாதா என்றேன்.

"இன்னாம்மா நீ, படிச்சவளாம். அவரு மூக்கைத்தான் பொத்திகினாரு. கண்ணை யாரு பொத்துனா?"

அடுத்த வாரம் வீட்டு வரியின் மீதித் தவணையைக் கட்டப் போர்டு ஆபீசுக்குப் போனேன். அன்று ரேஷன் சர்க்கரை நாள், வீட்டுக்காரரால் கடையை விட்டு நகர முடியாது. ஆபீசின் வெளிச்சுவரில் மாதச் செலவுப் பட்டியல் ஒட்டியிருந்தது. பொதுமக்கள் பார்வைக்கு என்று போட்டிருந்தது. பொதுமக்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பது அதன்மேல் தெறித்திருந்த வெற்றிலை எச்சிலைப் பார்த்தாலே தெரியும். எச்சிலுக்கு இடையில் படித்தேன். நான்கு தெருக்களுக்கு வடிகால் தூர் வாரி மண் அகற்றிய வகையில் என்று நான்கு வரி. நான்கிலும் கன அடி ஏறக்குறைய ஒன்றே. பார்வைக்கு வித்தியாசமாக இருக்கட்டும் என்று கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப்போட்டிருந்தார்கள். திருடுவதிலும் ஒரு சிரத்தை வேண்டாமா? எங்கள் பள்ளியில் காப்பியடிக்கிற பெண்கள்கூட இதைவிடக் கஷ்டப்படுவார்கள்.

இடுப்பில் குழந்தையோடு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, பரீட்சைக்குப் படிச்சிகினு கீறியா?"

கூட நின்ற பியூன் சிரித்தான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டில்தான் எழுதினேனோ என்னவோ. நியாயத்துக்காக எழுதினேன் என்று முழுசாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மிஷன் பள்ளியில் எங்களுக்கு விண்ணப்பம் எழுதப் பழக்கியிருந்தார்கள். எங்கே, எப்போது, யார் பார்த்தது, யார் சொன்னது எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் வம்பு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு இரவு நகல் எழுதி, மூன்றாம் நாள் நல்ல தாளில் எழுதினேன். தெருக்களின் பெயர், நாள், சுண்ணாம்பு, சிவப்பு நூல், பட்டியலில் கண்ட அளவுகள் எல்லாம் வரிசையாக வந்தன. எங்கள் கடைப் பெருச்சாளி என்பதைக்கூட மறைக்கவில்லை. கடைசியில், மேற்படி விவரத்தைத் தங்கள் போர்டின் மூன்றாம் நம்பர் வண்டிப் பணியாளே என்னிடம் நேரில் தெரிவித்தார் என்று எழுதினேன். எழுதும்போது அந்த வரிதான் என் கடிதத்துக்கே பலம் என்று நினைத்தேன். அவளுக்கு மரியாதை கொடுத்து 'தெரிவித்தார்' என்று போட்டிருக்கிறேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டுத் திரும்பினார்.

"உனக்கு எதுக்குட்டி இந்த வேலை? கடை லைசென்சு அவனுவ கையிலல்லா இருக்கு."

போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். தபால் பெட்டியில் போட்டேன்.

பதினைந்து நாளில் விசாரணை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடவில்லை. எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரிகளின் அனுமதி இல்லாமல் மண்ணை இடம் மாற்றிக் கொட்டிய குற்றத்தை மூன்றாம் நம்பர் வண்டிப் பணியாளே ஒரு வெளி நபரிடம் ஒப்புக்கொண்டிருப்பதால், அவளை வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று உத்தரவு போட்டார்கள். ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி என் கடிதம். நான்கு பில்லுக்கும் பணம் பட்டுவாடா ஆகிவிட்டது.

அவள் கொல்லைப்புறச் சந்தில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்ணி கேட்டேன், குடுத்தே. பேச்சு குடுத்தே, பேசுனேன். நான் ஒனக்கு இன்னாம்மா பண்ணேன்?"

நம்பர் மட்டும்தான் எழுதினேன், பெயரை எழுதவில்லை என்றேன். மூன்றாம் நம்பர் வண்டியை ஊரில் அவளைத் தவிர வேறு யார் தள்ளுகிறார்கள்? அவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருக்கிறான். இதையெல்லாம் நான் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த நாளில் எந்தத் தெருவில் எத்தனை கன அடி என்று எழுதத் தெரிந்தவளுக்கு இது தெரியாது. அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதை எடுத்துக்கொண்டு போனபோது அவள் முகத்தில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மேலே எழுதிப் பார்க்கலாம், ஜில்லா அளவில் ஒரு ஆபீசர் இருக்கிறாராம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு காலையில் ஓவர்சியரே கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். ஓவர்சியர் மிகவும் மரியாதையாகப் பேசினார். படித்த பெண்கள் ஊருக்கு வேண்டும் என்றார். அந்தப் பெண்ணை நினைத்தால் தனக்கும் பாவமாக இருக்கிறது, ஆனால் ஃபைலில் புகார் இருக்கும்வரை தன் கை கட்டிக் கிடக்கிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க ஒரு லெட்டர் குடுத்துட்டா போதும்மா. நேர்ல போய்ப் பார்த்தேன், வடிகால் சுத்தமா இருக்கு, முன்னாடி எழுதினது தப்பா புரிஞ்சுக்கிட்டு எழுதினதுன்னு. திங்கட்கிழமையே அவ வண்டியைத் தள்ளலாம். உங்க கையெழுத்துலயே இருக்கட்டும். அழகா எழுதுறீங்க."

அவர் சோடாவைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். பெருச்சாளி எவ்வளவோ தேவலை. அது செத்த பிறகுதான் நாறிற்று.

வீட்டுக்காரர், எழுதிக் கொடுத்துவிடு என்று கண்ணாலேயே சொன்னார். நான் அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் வீட்டுக்கு அன்றுதான் முதன்முதலில் போனேன், போர்டுக் குப்பைமேட்டுக்குப் பின்னால் ஒரு ஓலைக் குடிசை. உண்மையை மாற்றி எழுதச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உண்மைய வச்சிகினு நான் இன்னாம்மா பண்றது? எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், மிஷன் பள்ளிக் கையெழுத்தில், ஓரம் விட்டு எழுதினேன். வடிகால்கள் திருப்திகரமாகச் சுத்தம் செய்யப்பட்டிருப்பதை நேரில் கண்டேன் என்று எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் களி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அவள் வண்டியோடு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் சந்தில் தண்ணீர் கேட்பதில்லை. ஒரு நாள் நானே டம்ளரில் கொண்டு போய் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இப்போது வடிகால் வரியை ஏற்றியிருக்கிறார்கள். சென்ற மழையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் கிணறு கெட்டு, பக்கத்து வீட்டு அம்மாளின் பேரக்குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. ஆண்கள் சிலர் சேர்ந்து முறையிடப் போனார்கள். ஓவர்சியர் ஃபைலைத் திறந்து என் கடிதத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்திருக்கிறார். உங்கள் தெரு அம்மாவே நேரில் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார், படித்தவர் அவர், அவரைவிட உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டாராம். யார் எப்போது வந்தாலும் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுகிறார் என்று இப்போது தெரிகிறது. இரண்டு வருஷமாக அந்தச் சாக்கடைக்கு நான்தான் மூடி.

பக்கத்து வீட்டு அம்மாள் மனுவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தெரு முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும் போட்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, பழைய கடிதம் பொய் என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனு நிற்காது என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கடிதம் பொய் என்றால் அதற்கு முந்தின கடிதம் உண்மை என்றாகிறது. அதில் மூன்றாம் நம்பர் வண்டி இருக்கிறது. இந்த வருஷம் அவளுடைய பெயர் நிரந்தரமாகும் பட்டியலில் வந்திருக்கிறதாம். அவளே சொல்லவில்லை, பியூன் கடையில் சொல்லிவிட்டுப் போனான். அதை அவன் சும்மா சொன்னானா, என் காதில் விழட்டும் என்று சொன்னானா என்றும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவளைப் போய்க் கேட்கலாம். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் எழுதலாம். அது ஒரு தடவை நான் செய்ததுதான்.

இதைப் படிக்கிறவர்களில் போர்டு, முனிசிபாலிட்டி விவகாரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். தணிக்கை ஆபீசில் வேலை செய்தவர்கள், வக்கீல் வீட்டுப் பெண்கள் இருப்பீர்கள். அந்தப் பொய்யை நான் எழுதினேன், எனக்காக மட்டுமே எழுதினேன் என்று பழியை முழுக்க என் மேல் போட்டுக்கொண்டு, அவளை அந்த ஃபைலுக்குள் இழுக்காமல் ஒரு மனு எழுத வழி இருக்கிறதா? அப்படி எழுதினால் செல்லுமா? அல்லது அவள் பெயர் நிரந்தரமாகும்வரை இன்னும் ஒரு மழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தெருவைக் கேட்பதுதான் நியாயமா? கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்கலாமா? போர்டுக் கூட்டம் ஐப்பசி பிறந்ததும் நடக்கும். அதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.